கருப்பையில் கட்டி, ரத்தத்தில் மாற்றம்: எது எதனால்?

வாசகி ஒருவர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது:

'எனக்கு 41 வயது. இரண்டு குழந்தைகள். ஒன்றரை வருடமாக மாதவிடாய் ஏழு நாள் நீடிக்கிறது. முதல் மூன்று நாள் கட்டிகட்டியாகப் போகிறது. இரவில் இரண்டு முறையாவது எழுந்து நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது. ஆனால் 26, 27 நாளுக்கு ஒருமுறை சரியாக வந்துவிடும். ஸ்கேனில் இரண்டு ஃபைப்ராய்டு கட்டிகள். ஒன்று 5.8 செ.மீ., கருப்பைச் சுவரில் இருந்தபடி உள்ளறையை அழுத்துகிறதாம். இன்னொன்று 2 செ.மீ., வெளிப்பக்கம். கடந்த மாதம் 3-ம் தேதி மாதவிடாய், 15-ம் தேதி ரத்தப் பரிசோதனை, மறுபடி 29-ம் தேதி மாதவிடாய். ரிப்போர்ட்டில் பாதிக்கு மேல் ஹெச், எல் என்று குறி போட்டிருக்கிறது. ஹீமோகுளோபின் குறைவு, பிளேட்லெட் அதிகம், ஈஸ்ட்ரோஜன் அதிகம், எல்.எச். அதிகம், புரோஜெஸ்டரோன் குறைவு, சிஏ 125 அதிகம். பிளேட்லெட் ஏறியிருப்பதால் ரத்தப் புற்றுநோயாக இருக்குமோ என்று பயம். "ஹார்மோன் சமநிலை கெட்டதால்தான் கட்டி வந்தது, கருப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். ஹார்மோனைச் சரிசெய்யும் பவுடர் ஒன்றையும் இன்னொருவர் கொடுத்திருக்கிறார். என் மகளுக்கு 15 வயது. அவளுக்கும் இது வருமா?'

அன்புள்ள சகோதரிக்கு,

ரிப்போர்ட்டின் நகலையும் சேர்த்து அனுப்பியதற்கு நன்றி. பலர் 'எல்லாம் ஏறுமாறாக இருக்கிறது' என்று மட்டும் எழுதுவார்கள். எண்கள் இல்லாமல் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. நீங்கள் தேதிகளையும் எழுதியிருக்கிறீர்கள். போகிற போக்கில் எழுதிய அந்த மூன்று தேதிகள்தான் உங்கள் கடிதத்திலேயே எனக்கு அதிகம் உதவியவை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பெரிய பயத்தைப் போக்கிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய எண்களில் ரத்தப் புற்றுநோய்க்கான அறிகுறி எதுவும் எனக்குத் தெரியவில்லை. உங்கள் ரத்தத்தில் தெரிகிற மாற்றங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே காரணத்தைச் சுற்றித்தான் நிற்கின்றன. மாதாமாதம் ரத்தம் போகிறது, அதோடு இரும்புச்சத்தும் போகிறது. ஹார்மோன் பக்கமோ, என் கணிப்பில், கெட்டுப்போகவே இல்லை.

ரத்த அணுக்களிலிருந்து தொடங்குவோம். ஹீமோகுளோபின் 8.6. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். 8-க்கும் 11-க்கும் இடையில் இருந்தால் நடுத்தர ரத்தசோகை. ஆக நீங்கள் நடுத்தரத்தின் அடிவிளிம்பில் இருக்கிறீர்கள். ஆனால் நான் முதலில் பார்த்தது அதை அல்ல, அதற்குக் கீழே இருந்த எம்.சி.வி. என்ற வரியை. ஒரு சிவப்பணுவின் சராசரி அளவு அது. 80-லிருந்து 100 வரை இருக்க வேண்டியது உங்களுக்கு 68. அணுக்கள் சிறுத்துவிட்டன. அடுத்து ஆர்.டி.டபிள்யூ. 19 என்று இருக்கிறது. அணுக்கள் எல்லாம் ஒரே அளவில் இல்லாமல் சின்னதும் பெரிதுமாகக் கலந்திருக்கின்றன என்று அர்த்தம். இரும்பு நன்றாக இருந்த காலத்தில் உருவான அணுக்களும், இரும்பு தீர்ந்தபின் உருவான அணுக்களும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது இப்படித்தான் தெரியும். ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதனால் உங்கள் ரத்தத்தில் இன்று நான்கு மாதத்துச் சரித்திரம் இருக்கிறது.

சிறுத்த அணு என்றால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாற்றின் மரபுக்கூறாகவும் இருக்கலாமே என்று ஒரு கேள்வி வரும். அதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. எம்.சி.வி. எண்ணை சிவப்பணு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். உங்களுக்கு 68-ஐ 3.9-ஆல் வகுத்தால் 17-க்கு மேல் வருகிறது. 13-க்கு மேல் இருந்தால் இரும்புக் குறைவின் பக்கம், அதற்குக் கீழே என்றால் தலசீமியாவின் பக்கம். இது திசைகாட்டும் கணக்குதான், தீர்ப்பு அல்ல. ஆனால் உங்கள் விஷயத்தில் மற்ற எண்களும் அதே திசையைத்தான் காட்டுகின்றன.

இவ்வளவு இரும்பு எப்படித் தீர்ந்தது என்று நீங்கள் யோசிக்கலாம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்ல நிலையில் இருக்கும் 1 மில்லி ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. சாதாரண மாதவிடாயில் 30, 40 மில்லி ரத்தம் போகும். 80 மில்லியைத் தாண்டினால் அதிக ரத்தப்போக்கு என்று வெகுகாலமாக வகுத்து வைத்திருக்கிறார்கள். இரவில் எழுந்து மாற்றுவது, கட்டிகட்டியாகப் போவது இரண்டையும் வைத்துப் பார்த்தால் உங்களுக்கு 160 மில்லியாவது போகும் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் மாதத்துக்கு 80 மில்லிகிராம் இரும்பு வெளியே போகிறது. தோல், குடல் வழியாக அன்றாடம் போகும் 1 மில்லிகிராமையும் சேர்த்தால் 110. உணவிலிருந்து உடல் எடுத்துக்கொள்வதோ நாளுக்கு 1 முதல் 2 மில்லிகிராம்தான். மாதம் முழுக்க நன்றாகச் சாப்பிட்டாலும் 60. மாதம் 50 துண்டு விழுகிறது. ஒரு பெண்ணின் உடலில் சேமிப்பாக இருப்பது 300 மில்லிகிராம் அளவில் என்றால், ஆறே மாதத்தில் சேமிப்பு காலி. இது தோராயமான கணக்குதான், இரும்பு குறையக் குறையக் குடல் கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சவும் செய்யும். ஆனாலும் 'நன்றாகச் சாப்பிடு, ரத்தம் ஊறிவிடும்' என்று உங்களிடம் சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. ஓட்டையை அடைக்காமல் எவ்வளவு ஊற்றினாலும் நிரம்பாது.

கடிதத்தின் ஓரத்தில், ஐஸ் கட்டியை எடுத்து எடுத்துக் கடிக்கத் தோன்றுகிறது என்றும், அது கெட்ட பழக்கம் என்று வீட்டில் திட்டுகிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். திட்டியவர்களிடம் இதைக் காட்டுங்கள். இரும்புக் குறைவின் அறிகுறிகளில் அதுவும் ஒன்று. ஏன் அப்படி ஒரு ஆசை வருகிறது என்பதற்குத் தெளிவான விளக்கம் கிடையாது. ஆனால் இரும்பு ஏறத் தொடங்கிய சில நாட்களிலேயே, ஹீமோகுளோபின் உயர்வதற்கு முன்பே, அந்த ஆசை போய்விடுவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். இரவில் கால்களை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுவதும், கொத்துக்கொத்தாக முடி உதிர்வதும் இதோடு சேர்ந்து வரக்கூடியவை.

இனி பிளேட்லெட். உங்களுக்கு 5.1 லட்சம். சாதாரண அளவு ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை. கூடிவிட்டது, உண்மைதான். ஆனால் ஏன் கூடியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுவும் பிளேட்லெட்டும் ஒரே தாய் அணுவிலிருந்து பிரிந்து வருகின்றன. இரும்பு இல்லாதபோது சிவப்பணுப் பக்கம் உற்பத்தி தடுமாறுகிறது. அந்தத் தாய் அணுக்கள் பிளேட்லெட் பக்கம் சாய்கின்றன. இரும்புக் குறைவில் பிளேட்லெட் ஏறுவது நாங்கள் அடிக்கடி பார்ப்பது. உங்கள் வெள்ளையணு எண்ணிக்கை 7,200. அதுவும், அதன் வகைகளின் விகிதமும் சரியாக இருக்கின்றன. ரத்தத்தைக் கண்ணாடியில் பூசி நுண்ணோக்கியில் பார்த்தவர் முதிராத அணுக்கள் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரிக்கு ஹெச், எல் என்று எந்தக் குறியும் கிடையாது என்பதால் நீங்கள் கவனிக்காமல் விட்டிருப்பீர்கள். உங்கள் பயத்துக்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

இரும்பு நிறைந்தபின் பிளேட்லெட்டை ஒருமுறை திரும்பப் பாருங்கள். பெரும்பாலும் தானாக இறங்கியிருக்கும். இரும்பு நிறைந்த பிறகும் நாலரை லட்சத்துக்கு மேலேயே நின்றால் அப்போது ரத்தநோய் நிபுணரைப் பார்ப்பது முறை. இப்போது தேவையில்லை.

வெள்ளையணு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபைப்ராய்டு இருப்பதாலேயே அது ஏறாது. கட்டிக்கு ரத்த ஓட்டம் போதாமல் உள்ளே அழுகத் தொடங்கினால், குறிப்பாகக் கர்ப்ப காலத்தில், கடும் வலியும் லேசான காய்ச்சலுமாக வெள்ளையணு ஏறும். தொற்று இருந்தாலும் ஏறும். வெள்ளையணு வகைகளின் விகிதத்தை வைத்துக் கட்டியின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்று எங்கோ படித்ததாக எழுதியிருந்தீர்கள். ஆய்வுகளில் அதைப் பார்க்கிறார்கள்தான். ஒரு தனிப்பட்ட பெண்ணுக்கு என்ன சிகிச்சை என்று அதை வைத்து நான் முடிவு செய்ய மாட்டேன்.

உங்கள் ரத்தசோகைக்கு நேர்மாறான விநோதம் ஒன்றும் உண்டு, உங்களுக்குப் பொருந்தாது என்றாலும் சொல்லத் தோன்றுகிறது. சிலருக்கு, பெரும்பாலும் மிகப் பெரிய கட்டி உள்ளவர்களுக்கு, ஹீமோகுளோபின் குறைவதற்குப் பதில் அளவுக்கு மீறி ஏறியிருக்கும். சிறுநீரகம் சுரக்க வேண்டிய எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனைக் கட்டியே சுரந்து, மஜ்ஜையைச் சிவப்பணு செய்யச் சொல்லித் தூண்டிவிடும். கட்டியை எடுத்ததும் ரத்தம் பழைய நிலைக்கு வந்துவிடும். மிக அரிது. ஆனால் 'கட்டி இருக்கிறது, ஹீமோகுளோபின் 17, ரத்தம் நன்றாக இருக்கிறது' என்று மகிழ்ந்துவிடக் கூடாது என்பதற்கு இது உதாரணம்.

இப்போது ஹார்மோன். இங்கேதான் உங்கள் தேதிகள் வருகின்றன.

3-ம் தேதி மாதவிடாய் தொடங்கியது. 15-ம் தேதி ரத்தம் எடுத்தார்கள். அதாவது சுழற்சியின் 13-வது நாள். 29-ம் தேதி அடுத்த மாதவிடாய். முட்டை வெளியானதிலிருந்து அடுத்த மாதவிடாய் வரை ஏறக்குறைய 14 நாள் இருக்கும். 29-லிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 15-ம் தேதியில் வந்து நிற்கும். நீங்கள் ரத்தம் கொடுக்கக் கையை நீட்டிய அன்று உங்கள் சினைப்பை முட்டையை வெளியேற்றத் தயாராக இருந்திருக்கிறது. மாதத்திலேயே ஈஸ்ட்ரோஜன் உச்சத்துக்குப் போகும் நேரம் அது. எல்.எச். திடீரென்று பொங்கி எழும் நேரமும் அதுதான். அந்தப் பொங்கல்தான் முட்டையை வெளியேற்றுகிறது. புரோஜெஸ்டரோன் அதற்குப் பிறகுதான் சுரக்கவே தொடங்கும். ஆக, ஈஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகை) 286, எல்.எச். 38, புரோஜெஸ்டரோன் 0.4 என்ற மூன்று எண்களும் அந்த நாளுக்கு அச்சாகப் பொருந்துகின்றன. ரிப்போர்ட்டில் குறி போடும் கம்ப்யூட்டருக்கு உங்கள் மாதவிடாய்த் தேதி தெரியாது. சுழற்சியின் வேறு நாட்களுக்கான அளவோடு ஒப்பிட்டு ஹெச், எல் என்று போட்டுவிட்டது. அதே ரத்தத்தை 3-வது நாளிலோ 21-வது நாளிலோ எடுத்திருந்தால் குறிகள் வேறுமாதிரி இருந்திருக்கும்.

'எல்.எச். கூடுதலாக இருக்கிறது, பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்குமோ' என்று யாரோ கேட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். 26, 27 நாளுக்கு ஒருமுறை கடிகாரம்போல மாதவிடாய் வருகிற 41 வயதுப் பெண்ணுக்கு அந்தச் சந்தேகத்தை நான் எழுப்பவே மாட்டேன். மாதாமாதம் முட்டை வெளியாகிறது என்பதற்கு அந்த ஒழுங்குதான் நல்ல சாட்சி. ஹார்மோன் பேனல் பரிசோதனையைவிட சமையலறைச் சுவரில் தொங்கும் காலண்டர் உங்கள் விஷயத்தில் அதிக உண்மை சொல்கிறது. டி.எஸ்.எச். 3.1 என்பதால் தைராய்டும் சரி. அதிக ரத்தப்போக்கு என்றால் தைராய்டைப் பார்த்துவிட வேண்டும், பார்த்திருக்கிறார்கள், நல்லது. முடிக்காக பயோட்டின் மாத்திரை எடுப்பதாக எழுதியிருந்தீர்கள். அது சில பரிசோதனை முறைகளில் தைராய்டு, பிற ஹார்மோன் எண்களைத் திரித்துக் காட்டும். அடுத்த முறை ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள்.

அப்படியானால் ஃபைப்ராய்டுக்கும் ஹார்மோனுக்கும் சம்பந்தமே இல்லையா? நிறைய இருக்கிறது. ஆனால் அது ரத்தத்தில் ஓடும் ஹார்மோனின் அளவில் தெரிவதில்லை, கட்டிக்குள் நடக்கிறது. கருப்பைத் தசையின் ஒரே ஒரு அணுவில் ஏற்படும் மரபணு மாற்றத்திலிருந்து ஒவ்வொரு ஃபைப்ராய்டும் தொடங்குகிறது. அவற்றில் பெரும்பாலானவற்றில், சுமார் 70 சதவீதத்தில், எம்.இ.டி.12 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதை 2011-ல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். உங்களிடம் இருக்கும் இரண்டு கட்டிகளும் தனித்தனியாகத் தொடங்கியவையாக இருக்கலாம். இப்படி மாறிய அணுக்கள் பக்கத்திலிருக்கும் சாதாரணத் தசையைவிட ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டரோனையும் அதிகமாகப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதோடு நிற்காது. அரோமட்டேஸ் என்ற நொதியை வைத்துக்கொண்டு கட்டி தனக்கு வேண்டிய ஈஸ்ட்ரோஜனில் ஒரு பங்கைத் தானே தயாரித்துக்கொள்ளும். ரத்தத்தில் அளவு சரியாக இருந்தாலும் கட்டிக்குள் ஈஸ்ட்ரோஜன் கூடுதலாக இருப்பது இதனால்தான்.

வெகுகாலம் எல்லாப் பழியையும் ஈஸ்ட்ரோஜன் மேலேயே போட்டார்கள். இப்போது தெரிவது, கட்டி வளர்வதற்குப் புரோஜெஸ்டரோன் முக்கியம், ஈஸ்ட்ரோஜன் அதற்கு வழி திறந்துவிடுகிறது. இது ஏதோ ஏட்டுச் செய்தி என்று நினைக்க வேண்டாம். 'ஈஸ்ட்ரோஜன் அதிகமாகிவிட்டது, புரோஜெஸ்டரோன் கொடுத்துச் சமன் செய்தால் கட்டி கரையும்' என்ற வாதம் இங்கேதான் உடைகிறது. உங்களுக்குக் கொடுத்திருக்கும் நோரெதிஸ்டரோன் மாத்திரை புரோஜெஸ்டரோன் வகைதான். அது கருப்பையின் உள்வரிச் சவ்வை மெலியச்செய்து ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும், அதற்காகக் கொடுத்திருப்பது சரிதான். கட்டியைக் கரைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மாத்திரையை முடித்ததும் மறுபடி போகிறதே, மருந்து வேலை செய்யவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். வேலை செய்தது, அதன் வேலை அவ்வளவுதான்.

ஹார்மோன் தாளம் உண்மையிலேயே தவறும் காலமும் உண்டு. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில வருடங்களில் முட்டை வெளியாகாத மாதங்கள் வரும். அப்போது புரோஜெஸ்டரோன் சுரக்காது, ஈஸ்ட்ரோஜன் மட்டும் தனியாக உள்வரிச் சவ்வைத் தடிக்கச்செய்யும், பிறகு எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று தெரியாமல் ரத்தம் போகும். உடல் பருமன் இருந்தால் கொழுப்புத் திசுவும் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தி செய்யும். உங்கள் சுழற்சி அப்படி மாறினாலோ, இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் ரத்தம் கண்டாலோ, உள்வரிச் சவ்வில் சிறிது எடுத்துப் பரிசோதிக்க வேண்டியிருக்கும். 45 வயதுக்கு மேல் அதிக ரத்தப்போக்கு என்றால் அதை வழக்கமாகவே செய்கிறோம். அதற்குக் குறைந்த வயதிலும் பருமன், பி.சி.ஓ.எஸ். போன்றவை இருந்தாலோ, மருந்துக்கு ரத்தப்போக்கு கட்டுப்படாமல் போனாலோ செய்வோம்.

அந்தப் பவுடர் விஷயம். டப்பாவில் என்னென்ன கலந்திருக்கிறது என்று எழுதியில்லை என்கிறீர்கள். கெடாத ஒன்றைச் சரிசெய்யப்போகும் பொருள், அதுவும் என்ன என்றே தெரியாத பொருள். எடுத்து வையுங்கள் என்று சொல்லமாட்டேன், குப்பையில் போட்டுவிடுங்கள்.

சிஏ 125 உங்களுக்கு 58. வரம்பு 35. சினைப்பைப் புற்றுநோயில் இது ஏறும் என்பது உண்மை. ஆனால் ஃபைப்ராய்டிலும் ஏறும், கருப்பையின் உள்வரிச் சவ்வு தசைக்குள் ஊடுருவும் அடினோமயோசிஸில் ஏறும், மாதவிடாய் நாட்களில் ஏறும். ஸ்கேனில் சினைப்பைகள் இரண்டும் சாதாரணமாக இருக்கும்போது இந்தப் பரிசோதனையை ஏன் எடுத்தார்கள் என்றே எனக்குப் புரியவில்லை. எனக்கு வருத்தம் என்னவென்றால், ஆறு ஹார்மோன் பரிசோதனையும் சிஏ 125-ம் எடுத்தவர்கள் ஃபெரிடினை எடுக்கவில்லை. உடலில் இரும்புச் சேமிப்பு எவ்வளவு மீதமிருக்கிறது என்பதை நேரடியாகச் சொல்வது அதுதான். 30-க்குக் கீழே என்றால் சேமிப்பு குறைவு, 15-க்குக் கீழே என்றால் தீர்ந்தேவிட்டது. உங்களுக்கு ஒற்றை இலக்கத்தில் வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும் நாளில் எடுக்க வேண்டாம், அப்போது பொய்யாக ஏறிக் காட்டும். இன்னொன்று: உங்கள் மூன்று மாத சர்க்கரை அளவு 6.1 என்று வந்து அதற்கும் ஒரு ஹெச் போட்டிருக்கிறார்கள். இரும்புக் குறைவில் அந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். இரும்பு சரியான பிறகு மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டுச் சர்க்கரையைப் பற்றிக் கவலைப்படலாம்.

இனி என்ன செய்வது? இரண்டு வேலை, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். போகிற ரத்தத்தைக் குறைக்க வேண்டும், போன இரும்பை நிரப்ப வேண்டும்.

இரும்பு மாத்திரையைத் தினமும் இரண்டு வேளை போட்டு வயிறு புரட்டி, பத்தே நாளில் நிறுத்திவிட்டீர்கள். எல்லோரும் செய்வதுதான். ஒரு முறை மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் என்ற ஒன்று உடலில் ஏறி, ஒரு நாள் அளவுக்குக் குடலின் உறிஞ்சும் கதவைச் சாத்திவிடுகிறது. அதனால் அதிகமாகப் போட்டால் அதிகமாக ஏறும் என்பதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரே ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில், டீ, காபி, கால்சியம் மாத்திரை, அசிடிட்டி மாத்திரை இவற்றிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளி. வயிறும் தாங்கும், உறிஞ்சுவதும் நன்றாக இருக்கும். மலம் கறுப்பாகப் போகும், அது இயல்பு. மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 முதல் 2 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டாலோ, அறுவை சிகிச்சை சீக்கிரமே தேவைப்பட்டாலோ, ரத்தநாளம் வழியாக இரும்பு ஏற்றலாம். ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டதும் 'சரியாகிவிட்டது' என்று நிறுத்திவிடாதீர்கள். சேமிப்பு நிரம்ப மேலும் மூன்று மாதம் வேண்டும். அங்கே நிறுத்தியவர்கள்தான் அடுத்த வருடம் அதே 8.6-உடன் திரும்பி வருகிறார்கள்.

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றிவிடலாம் என்று சொன்னார்களாம். 7-க்குக் கீழே போனாலோ, மயக்கம், நெஞ்சுவலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது என்று இருந்தாலோ சரி. நடந்துபோய் வேலை பார்த்துவரும் உங்களுக்கு இப்போது அது தேவை என்று நான் நினைக்கவில்லை.

ரத்தப்போக்குக்கு, மாதவிடாயின் கனத்த நாட்களில் மட்டும் எடுக்கும் டிரனெக்சாமிக் ஆசிட் பலருக்கு நன்றாக வேலை செய்கிறது. அது ஹார்மோன் அல்ல. ரத்தம் உறைந்த இடம் சீக்கிரம் கரைந்துவிடாமல் தடுக்கிறது. முன்பு காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த சரித்திரம் உள்ளவர்களுக்கு ஆகாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோன் கசியும் கருப்பைச் சாதனம் இன்னொரு வழி. ஆனால் கட்டி உள்ளறையை எவ்வளவு அமுக்கியிருக்கிறது என்று பார்த்த பிறகே, ஏனென்றால் அறை கோணலாக இருந்தால் அது நழுவி வெளியே வந்துவிடலாம். சினைப்பையைத் தற்காலிகமாக உறங்கவைத்துக் கட்டியைச் சுருக்கும் ஊசிகளும், அண்மைக் காலத்தில் வந்த மாத்திரைகளும் இருக்கின்றன. மாதவிடாய் நின்றவரைப்போல உடல் சுடுவது, எலும்பு தேய்வது என்ற விலை அவற்றுக்கு உண்டு. மருந்தை நிறுத்தினால் கட்டி மறுபடி வளரும். அறுவை சிகிச்சைக்கு முன் ரத்தத்தை ஏற்றிக்கொள்ள அவகாசம் வாங்கித் தருவதற்கு நான் அவற்றை விரும்புகிறேன்.

கட்டியின் அளவைவிட அது எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். உங்கள் 2 செ.மீ. கட்டி வெளிப்பக்கம் இருக்கிறது, அதனால் தொந்தரவே இல்லை. அதே 2 செ.மீ. உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருந்தால் 5.8 செ.மீ. கட்டியைவிட அதிக ரத்தத்தை வரவழைத்திருக்கும். உள்ளறைக் கட்டிகளை ஹிஸ்டெரோஸ்கோப் என்ற, கருப்பைக்குள் செலுத்திப் பார்க்கும் குழாய் வழியாக, வயிற்றில் கீறாமலேயே எடுத்துவிடலாம். உங்களுடையது சுவரில் இருப்பதால் கட்டியை மட்டும் எடுப்பது, கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைப்பது, கருப்பையை எடுப்பது என்று மூன்று பாதை இருக்கின்றன. மூன்றில் எது என்பதை இரும்பு ஏறிய பிறகு நிதானமாக முடிவு செய்யலாம். அவசரம் இல்லை.

'கருப்பையை எடுத்துவிட்டால் ஹார்மோன் சரியாகிவிடும்' என்று சொன்னவருக்கு ஒன்று தெரியவில்லை. ஹார்மோனைச் சுரப்பது சினைப்பை. கருப்பையை எடுத்தால் ரத்தப்போக்கு நிற்கும், கட்டி மறுபடி வராது, ஹார்மோன் சுரப்பது பாட்டுக்கு நடக்கும், நடக்கவும் வேண்டும். கருப்பையை எடுப்பது என்று முடிவானால், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் 'சினைப்பை இரண்டையும் விட்டுவைப்பீர்கள்தானே?' என்று வாய்திறந்து கேளுங்கள். தக்க காரணம் இல்லாமல் 41 வயதில் அவற்றை எடுத்தால் ஒரே நாளில் மாதவிடாய் நின்ற நிலை வந்துவிடும். எலும்பும் இதயமும் அதற்கு விலை கொடுக்கும். நீங்கள் பயப்படுகிற ஹார்மோன் கோளாறு உண்மையில் அப்போதுதான் வரும்.

கட்டி புற்றாக மாறுமா என்று கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்வி ஒளிந்திருக்கிறது. ஃபைப்ராய்டு புற்று அல்ல. ஃபைப்ராய்டு என்று நினைத்து எடுத்தது சார்கோமா என்ற தசைப் புற்றாக இருப்பது மிகவும் அரிது. மாதவிடாய் நின்ற பிறகும் கட்டி வளர்ந்தாலோ, அப்போது ரத்தம் கண்டாலோ கட்டாயம் பார்க்க வேண்டும். இப்போதைக்கு நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு: ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் என்று தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் முழுக்க நனைந்தாலோ, எழுந்து நின்றால் கண் இருட்டினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கடைசியாக மகள். தாய்க்கு இருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்தான். ஆனால் 15 வயதில் ஃபைப்ராய்டு மிக அபூர்வம், ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. அவளுக்கும் முதல் மாதவிடாயிலிருந்தே அதிகமாகப் போகிறதா என்று மட்டும் கேளுங்கள். அப்படி என்றால், பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காமல் போவது, லேசாக இடித்தாலே கன்றிப்போவது என்று அவளுக்கோ உங்களுக்கோ உண்டா என்றும் யோசித்துப் பாருங்கள். வான் வில்லிபிராண்ட் என்ற பரம்பரை ரத்தக் கோளாறு குடும்பங்களில் இப்படித்தான் கண்டுபிடிக்காமல் கிடக்கும். சில நேரம் தாயின் ரத்தப்போக்குக்கு ஃபைப்ராய்டு மேல் பழிபோட்டுவிட்டு, மகள் வந்த பிறகே இருவருக்கும் அது இருப்பது தெரியவரும். நீங்கள் ஃபெரிடின் எடுக்கப் போகும் அன்று அவளையும் கூட்டிக்கொண்டு போய் ஹீமோகுளோபினும் ஃபெரிடினும் பார்த்துவிடுங்கள்.